இருபது ஆட்டங்களும் ஒற்றைப் புள்ளியும்

விளையாட்டு என்றதும் நம் சேலம், நாமக்கல் பகுதியில் முதலில் நினைவுக்கு வருவன கபடி, கைப்பந்து, கிரிக்கெட் ஆகியவையே. சின்னப்பம்பட்டி நடராஜன் இந்தியக் கிரிக்கெட் அணியில் இடம்பெற்றதையும், பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ, டோக்கியோ, பாரீஸ் என மூன்று பாராலிம்பிக் போட்டிகளிலும் உயரம் தாண்டிப் பதக்கம் வென்றதையும் நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். கால்பந்து என்றால் மட்டும் அது கொல்கத்தாவுக்கும் கோவாவுக்கும் கேரளத்துக்கும் உரியது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறோம்.

ஆனால் சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி என்று மேற்கே செல்லும் சாலையில் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோயம்புத்தூரில், 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் நாள், தமிழ்நாட்டின் அணி ஒன்று இந்தியாவின் தேசியக் கால்பந்து லீக் பட்டத்தை வென்றது. அந்த அணியின் பெயர் சென்னை சிட்டி கால்பந்துக் கழகம். இரண்டாம் இடம் பெற்ற அணிக்கும் அதற்கும் இருந்த இடைவெளி ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்வதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். ஆகவே ஆறாம் வகுப்பு மாணவியரும் தாராளமாக உடன் வரலாம்.

லீக் என்றால் என்ன?

போட்டிகளை நடத்த இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, நம் பள்ளி விளையாட்டு விழாவில் நாம் காண்பது. தோற்ற அணி வெளியேறிவிடும்; வென்ற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். இதை நாக்-அவுட் என்கிறோம். விரைவில் முடியும், பரபரப்பும் மிகுதி. ஆனால் ஒரு நாள் உடல்நலம் சரியில்லாத அணி அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதன் உண்மையான திறம் என்ன என்று எவருக்கும் தெரியாமலே போய்விடும்.

மற்றொன்று லீக் முறை. இதில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஆட வேண்டும். தோற்றாலும் அடுத்த வாரம் மீண்டும் ஆடலாம். வென்றால் இத்தனை புள்ளி, சமநிலை என்றால் இத்தனை புள்ளி என்று கணக்கு வைத்து, இறுதியில் அதிகப் புள்ளி பெற்ற அணியைச் சாம்பியன் என்று அறிவிப்பர். பெரும்பாலான லீக்குகளில் ஒவ்வோர் அணியோடும் இருமுறை ஆட வேண்டும். ஒருமுறை தன் சொந்த ஊரில். ஒருமுறை எதிரணியின் ஊரில். இதனால் மைதானம், தட்பவெப்பம், கூட்டத்தின் ஆரவாரம் ஆகியவற்றால் வரும் சாதகங்கள் இரு பக்கமும் சமமாகின்றன.

இந்த முறை இங்கிலாந்தில் 1888-ஆம் ஆண்டில் தோன்றியது. ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரெகர் என்பவர் அதற்கு வித்திட்டார். அந்நாளில் கழகங்கள் தமக்குள் பேசி வைத்துக்கொண்ட ஆட்டங்கள் அடிக்கடி ரத்தாயின. கட்டணம் கொடுத்துக் காணவந்த மக்கள் ஏமாந்து திரும்பினர். எனவே உறுதியான அட்டவணை ஒன்று வேண்டும் என்று அவர் மற்றக் கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். 12 கழகங்கள் சேர்ந்து முதல் லீக்கைத் தொடங்கின. முதல் பருவத்தில் பிரெஸ்டன் நார்த் எண்ட் அணி 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் பெற்றது.

அக்காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. சமநிலையே போதும் என்று அணிகள் தற்காப்பாக ஆடத் தொடங்கியதால், 1981-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெற்றிக்கு 3 புள்ளி என்று மாற்றினர். பின்னர் உலகெங்கும் அதுவே வழக்கமாயிற்று. தோல்விக்குப் புள்ளி எதுவும் இல்லை.

நம் நாட்டில் லீக்

கொல்கத்தா போன்ற நகரங்களில் நகர அளவிலான லீக் போட்டிகள் நூறாண்டுக்கும் மேலாக நடந்து வருகின்றன. நாடு முழுவதற்கும் பொதுவான லீக் 1996-ஆம் ஆண்டில்தான் தேசியக் கால்பந்து லீக் என்ற பெயரில் தொடங்கியது. 2007-ஆம் ஆண்டில் அது ஐ-லீக் என்று பெயர் மாறியது. 2014-ஆம் ஆண்டில் ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக் தோன்றியது. சில ஆண்டுகள் இரண்டு லீக்குகளும் அருகருகே நடந்தன. ஐ.எஸ்.எல். போட்டியில் சென்னையின் எஃப்.சி. அணி 2015-ஆம் ஆண்டிலும் 2017–18 பருவத்திலும் கோப்பை வென்றது.

ஐ-லீகில் தமிழ்நாட்டுக்குப் பட்டம் வாய்க்கவில்லை. 1946-ஆம் ஆண்டில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தோன்றி, பின்னர் சென்னை சிட்டி ஆன கழகம் 2016–17 பருவத்தில் ஐ-லீகில் சேர்ந்தது. முதற் பருவத்தில் எட்டாம் இடம். மறு பருவத்திலும் எட்டாம் இடம். பெயரில் சென்னை இருப்பினும் அது ஆடியது கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில். அக்காலத்தில் அந்த அணியைப் பட்டம் பெறப் போகும் அணி என்று எவரும் கருதியிருக்க மாட்டார்.

பதினோரு அணிகள்

2018–19 பருவம் 2018 அக்டோபர் 26 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது. பங்குபெற்ற அணிகள் 11. அவற்றின் பெயர்களை வரைபடத்தோடு சேர்த்துப் படித்தால் நம் நாட்டின் புவியியலே விளங்கும். வடக்கே ஸ்ரீநகரின் ரியல் காஷ்மீரும் மினர்வா பஞ்சாபும் இருந்தன. வடகிழக்கே மிசோரத்தின் ஐஸ்வால், மணிப்பூரின் நெரோக்கா, மேகாலயத்தின் ஷில்லாங் லஜோங் ஆகியவை ஆடின. கிழக்கே கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால்; மேற்கே கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ்; தெற்கே கோகுலம் கேரளாவும் சென்னை சிட்டியும். இவற்றோடு நாட்டின் இளம் வீரர்களைப் பயிற்றுவிப்பதற்காக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அமைத்த இந்தியன் ஆரோஸ் அணியும் சேர்ந்தது.

இவற்றுள் ஈஸ்ட் பெங்கால் 1920-ஆம் ஆண்டில் பிறந்த கழகம். இலட்சக்கணக்கான இரசிகர்களைக் கொண்டது. மூன்று முறை தேசிய லீக்கை வென்றிருந்தும், 2004-ஆம் ஆண்டுக்குப் பின் அப்பட்டம் அதன் கைக்கு எட்டவில்லை. நூற்றாண்டு நெருங்கும் வேளையில் அதை மீட்டே தீர வேண்டும் என்று உறுதி பூண்டிருந்தது.

ரியல் காஷ்மீரின் கதை வேறு. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீநகரை வெள்ளம் சூழ்ந்தது. அதன் பின்னர் வேலையும் விளையாட்டும் இன்றித் தவித்த இளைஞர்களுக்கு ஷமீம் மெஹ்ராஜ், சந்தீப் சட்டூ என்ற இரு நண்பர்கள் கால்பந்துகளை வாங்கிக் கொடுத்தனர். ஒருவர் முஸ்லிம், மற்றவர் இந்து. அம்முயற்சியே ஒரு கழகமாக வளர்ந்து, 2018-ஆம் ஆண்டில் நாட்டின் முதன்மை லீக்கில் ஆடிய முதல் காஷ்மீர் அணி என்ற பெயரைப் பெற்றது. தன் முதல் ஆட்டத்திலேயே முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாபை அதன் சொந்த மண்ணில் 1–0 என்று வென்றது. பருவ முடிவில் மூன்றாம் இடம் பெற்றது. ஐ-லீகில் அந்நாள்களில் சிறிய கழகங்களின் காலம் நடந்துகொண்டிருந்தது எனலாம். 2016–17-இல் ஐஸ்வாலும் 2017–18-இல் மினர்வாவும் பட்டம் பெற்று, பழம்பெரும் கழகங்களை வியப்பில் ஆழ்த்தியிருந்தன.

சென்னை சிட்டி அணியின் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் சிங்கப்பூரைச் சேர்ந்தவர். பெரும் பணம் கொடுத்துப் புகழ்பெற்றவர்களை வாங்க இயலாத அக்கழகம், ஸ்பெயின் நாட்டின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த வீரர்களைத் தேடி அழைத்து வந்தது. உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி அவர்களுள் ஒருவர். சான்ட்ரோ, நெஸ்டர் ஆகிய இருவரும் நடுக்களத்தில் துணைநின்றனர். எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள் அவர்களோடு தோள் சேர்ந்தனர். முதல் ஆட்டத்தில் இந்தியன் ஆரோஸை 4–1 என்று வென்றபோது மூன்று கோல்களை மான்சியே அடித்தார். பருவம் முடிவதற்குள் அவருடைய கோல்களின் எண்ணிக்கை 21 ஆயிற்று.

கடைசி மாலை

இப்படித் தொடங்கிய அணி பட்டியலின் உச்சியிலேயே நெடுங்காலம் இருந்தது. ஆயினும் இறுதியில் கால் தடுமாறியது. கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், சொந்த ஊரான கோயம்புத்தூரிலேயே, சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றது. அன்று வென்றிருந்தால் பட்டம் அன்றே உறுதியாகியிருக்கும். தோற்றதால் எல்லாம் கடைசி நாளுக்குத் தள்ளிப்போயிற்று. அப்போது சென்னை சிட்டியின் புள்ளிகள் 40; ஈஸ்ட் பெங்காலின் புள்ளிகள் 39.

மார்ச் 9, சனிக்கிழமை. சென்னை சிட்டி கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை எதிர்த்தது. ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்த்தது. இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் நடந்தன. ஓர் ஆட்டத்தின் முடிவை அறிந்துகொண்டு மற்ற ஆட்டத்தை எவரும் தமக்கு ஏற்றவாறு ஆடிவிடக் கூடாது என்பதற்காக லீக்குகளில் கையாளப்படும் நல்ல வழக்கம் இது. சென்னை சிட்டி வென்றால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. தோற்றாலோ, சமநிலை கண்டாலோ, ஈஸ்ட் பெங்காலின் வெற்றி பட்டத்தைப் பறித்துவிடும்.

ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா ஒரு கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை சென்னை சிட்டியால் அதற்கு ஈடுசெய்ய முடியவில்லை. கூடியிருந்த மக்கள் வாயடைத்துப் போயினர். இடைவேளைக்குப் பின் ஒரு பெனால்டி வாய்ப்புக் கிடைத்தது. மான்சி அதைத் தவறவிடவில்லை. 1–1. சமநிலை போதாது. இந்நிலையில் கோல் அடித்தவர் மான்சி அல்லர். மற்ற ஸ்பெயின் வீரர்களும் அல்லர். அசாமைச் சேர்ந்த கௌரவ் போரா என்னும் இளைஞர் இரண்டாம் கோலை அடித்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாம் கோலையும் அவரே அடித்தார். 3–1.

கோழிக்கோட்டில் கோகுலம் முதலில் கோல் அடித்தும் ஈஸ்ட் பெங்கால் தளரவில்லை. இரண்டு கோல்கள் அடித்து 2–1 என்று வென்றது. தன் கடமையை அது முழுவதும் செய்தது. எனினும் கோயம்புத்தூரில் இருந்து வந்த செய்தி அதற்கு இனிக்கவில்லை. இறுதிக் கணக்கு: சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாணவியரே, இப்போது எழுதுகோலை எடுங்கள்.

11 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 10 அணிகளோடு இருமுறை ஆட வேண்டும். ஆகவே ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். எல்லாவற்றையும் வென்றால் 60 புள்ளிகள்.

சென்னை சிட்டி: வெற்றி 13, சமநிலை 4, தோல்வி 3. புள்ளிகள் 39 + 4 = 43.

ஈஸ்ட் பெங்கால்: வெற்றி 13, சமநிலை 3, தோல்வி 4. புள்ளிகள் 39 + 3 = 42.

இரு அணிகளின் வெற்றிகளும் சமம் என்பதைக் கவனித்தீர்களா? பதின்மூன்றும் பதின்மூன்றுமே. அப்படியானால் சாம்பியனை முடிவு செய்தது வெற்றிகளின் எண்ணிக்கை அன்று. ஈஸ்ட் பெங்கால் நான்கு ஆட்டங்களில் தோற்றது. சென்னை சிட்டி மூன்றில்தான் தோற்றது. அதாவது, வெல்ல முடியாத ஏதோ ஓர் ஆட்டத்தில், வெல்ல முடியாவிட்டாலும் தோற்கவும் மாட்டோம் என்று கடைசிவரை நின்று பெற்ற ஒரு புள்ளியே பட்டமாக மாறியது. அந்தச் சமநிலை ஆட்டம் முடிந்த அன்று வீரர்கள் மகிழ்ந்திருக்க மாட்டார்கள். வெற்றியை இழந்தோமே என்று வருந்திக்கூட இருப்பார்கள். அதன் மதிப்பு மார்ச் மாதத்தில்தான் தெரிந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. இவ்விரு அணிகளும் தமக்குள் இருமுறை மோதின. கொல்கத்தாவிலும் கோயம்புத்தூரிலும் சென்னை சிட்டியே 2–1 என்று வென்றது. அவற்றுள் ஒன்று சமநிலையில் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சென்னை சிட்டிக்கு 2 புள்ளி குறைந்து 41. ஈஸ்ட் பெங்காலுக்கு 1 புள்ளி கூடி 43. பட்டம் கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். ஒரு கோல் எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்!

மூன்றாவது கணக்கே நமக்கு மிக முக்கியமானது. 60-க்கு 43 என்பது நூற்றுக்கு எத்தனை? ஏறத்தாழ 72. நாட்டின் சாம்பியன் பெற்ற மதிப்பெண் 72 விழுக்காடு! பதினேழு புள்ளிகளை அந்த அணி இழந்தது. மூன்று முறை தோற்றது. பட்டத்தைக் கையில் வாங்கவிருந்த வேளையில் சொந்த மக்கள் முன்னிலையில் தோற்றது. எனினும் எட்டு நாள் கழித்து எழுந்து நின்று ஆடியது.

நம் வட்டாரம் முட்டைக்கும் லாரிக்கும் ஜவ்வரிசிக்கும் மட்டுமன்றி மதிப்பெண்ணுக்கும் பேர்போனது. 600-க்கு 590 பெற்றவள் பத்து மதிப்பெண் போயிற்றே என்று அழுவதையும், ஒரு தேர்வில் தவறியவள் எல்லாமே முடிந்துவிட்டது என்று இடிந்துபோவதையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் வாழ்க்கையை நாக்-அவுட் போட்டியாக எண்ணிவிடுகிறார்கள். வாழ்க்கை ஒரு லீக். ஒரு தோல்வி மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்ளும். ஆளை வெளியே அனுப்பாது. இளம்பிள்ளைத் தறியிலோ குமாரபாளையத்துத் தறியிலோ இழை அறுந்தால் நெசவாளர் பாவை வெட்டி எறிவதில்லை. அறுந்த இடத்தை முடிந்துகொண்டு மேலே நெய்கிறார்.

அதே ஆண்டில் மதுரை மகளிர்

நம் பள்ளி பெண்கள் பள்ளி. ஆகவே இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களின் கதைதானே என்று நீங்கள் கேட்பது நியாயமே.

2019-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், பஞ்சாபின் லூதியானா நகரில், மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. மகளிர் அணி, மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டத்தைப் பெற்றது. ஆக, ஐ-லீக்கும் மகளிர் லீக்கும் ஒரே ஆண்டில், மூன்று மாதங்களுக்குள், தமிழ்நாட்டுக்கே வந்தன. முதற்செய்தியை அறிந்தவர் பலர். இரண்டாவதை அறிந்தவர் சிலரே.

வேறுபாடு புகழில் மட்டுமா? இல்லை. ஆண்களின் பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை நான்கரை மாதம் நடந்தது. ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். மகளிரின் இறுதிச் சுற்றோ ஒரே ஊரில், மே மாத வெயிலில், மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. தொகுதிகளாகப் பிரிந்து ஆடி, பின்பு அரையிறுதி, இறுதி. பெயர் லீக்; முடிவோ நாக்-அவுட். தவறித் திருந்தவும், காயம் ஆறித் திரும்பவும், சொந்த ஊர் மக்கள் முன் ஆடவும் அப்பெண்களுக்கு வாய்ப்பில்லை. வீட்டுக்கும் வெளியூருக்குமாக மாறி மாறி ஆடும் முழுமையான பருவம் மகளிர்க்கு 2023–24-ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. ஏழு அணிகள், ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள். ஒடிசா எஃப்.சி. பட்டம் பெற்றது. சேதுவும் அந்த ஏழில் ஒன்று. 2024–25-இல் எட்டு அணிகள் ஆடின. ஆடவர் லீக்கில் ஒரு புள்ளியில் பட்டம் இழந்த அதே ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் மகளிர் அணி அம்முறை சாம்பியன் ஆயிற்று.

இத்தாமதம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1920-ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் மகளிர் கால்பந்து ஆட்டம் ஒன்றைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், இவ்விளையாட்டு பெண்களுக்குப் பொருத்தமற்றது என்று கூறித் தன் கழக மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடைசெய்தது. அத்தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. கூட்டம் வராததால் மகளிர் கால்பந்து தேய்ந்தது என்று சொல்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். முதலில் மைதானம் பறிபோயிற்று. கூட்டம் அதன் பின்னரே போயிற்று.

தமிழ்நாட்டுப் பெண்கள் மைதானம் கிடைத்தபோது என்ன செய்தார்கள்? 2018-ஆம் ஆண்டில் கட்டாக் நகரில் மணிப்பூரை 2–1 என்று வென்று முதன்முறையாகத் தேசிய மகளிர் சாம்பியன் பட்டம் பெற்றார்கள். 2023-ஆம் ஆண்டில் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மீண்டும் பெற்றார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகப் பணியாற்றியவாறே இந்திய அணிக்கு ஆடினார். 2025-ஆம் ஆண்டு ஜூலையில் இந்திய மகளிர் அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2–1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதிபெற்றது.

பட்டத்துக்குப் பின்

உண்மையை முழுவதும் சொல்வதே கல்வி. ஆகவே சென்னை சிட்டியின் பிற்காலத்தையும் சொல்ல வேண்டும். பட்டம் வென்றதால் ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கின் தொடக்கச் சுற்றில் ஆடும் தகுதி அதற்குக் கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைனின் அல் ரிஃபா அணியிடம் 0–1 என்று தோற்றது. அந்த மார்ச்சில் பெருந்தொற்று வந்து எல்லா ஆட்டங்களையும் நிறுத்தியது. 2020–21 பருவத்துக்குப் பின் சென்னை சிட்டி ஐ-லீகில் இடம்பெறவில்லை. ஐ-லீக்கும் 2022–23 முதல் நாட்டின் இரண்டாம் நிலை லீக்காக மாறியது. முதல்நிலையில் உள்ள ஐ.எஸ்.எல். போட்டிகூட 2025-ஆம் ஆண்டில் ஒப்பந்தச் சிக்கலால் உரிய காலத்தில் தொடங்க முடியாமல் நின்றது.

பட்டம் வென்ற கழகம் இரண்டே ஆண்டுகளில் களத்திலிருந்து மறைந்தது ஏன்? பயிற்சியாளரும் வீரர்களும் அணியின் கிளைகள். மைதானம், இளையோர் பயிற்சி, ஆண்டுதோறும் வரும் நிதி, கணக்கு வழக்கு, உள்ளூர் மக்களின் பற்று ஆகியவை வேர்கள். கிளையில் காய்த்த பழத்தை நாம் கொண்டாடுகிறோம். வேருக்கு நீர் ஊற்றுவோர் இல்லையெனில் அடுத்த ஆண்டு மரம் காய்க்காது. நம் சேலத்து மாந்தோப்புக்காரர்களைக் கேட்டால் இதை நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நமக்குரிய பாடம்

இப்பருவத்திலிருந்து நம் பள்ளிக்கு எடுத்துக்கொள்ளத்தக்க செய்திகள் மூன்று.

முதலாவது, மாணவியர்க்கு. கடைசி நாளில் கோல் அடித்தவர் 21 கோல் அடித்த மான்சி மட்டும் அல்லர். அதிகம் பேசப்படாத கௌரவ் போராவும்தான். மாற்று ஆட்டக்காரியாகப் பெஞ்சில் அமர்ந்திருப்பவளும், கோல்கீப்பராக வெறுங்காற்றைப் பார்த்து நிற்பவளும் தம் நேரத்துக்காக ஆயத்தமாய் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் ஆட்டத்தில் தோற்றவர்கள் இருபதாம் ஆட்டத்துக்கு வந்தார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாவது, பெற்றோர்க்கு. வெயிலில் கறுத்துவிடுவாள், அடிபட்டுக்கொள்வாள், படிப்புக் கெடும் என்ற அச்சங்கள் அன்பினால் வருபவை. அவற்றை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆயினும் மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடிய பிள்ளை இரவில் நன்றாக உறங்கி, காலையில் தெளிவாகப் படிக்கிறாள். தோற்றவளோடு கைகுலுக்கவும், நடுவரின் தீர்ப்புக்குப் பணியவும், பதினொருவரில் ஒருத்தியாக இருக்கவும் எந்தப் பாடநூலும் அவளுக்கு இவ்வளவு விரைவில் கற்பிக்காது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு என்பதையும் அறிந்துகொள்வது நலம்.

மூன்றாவது, பள்ளியை நடத்தும் அருட்சகோதரியர்க்கும் ஆசிரியர்க்கும் நாம் பணிவுடன் வைக்கும் வேண்டுகோள். நம் இல்லங்களுக்கு இடையே நடக்கும் போட்டிகள் நாக்-அவுட் முறையில் நடக்கின்றன. ஓர் இல்லத்துச் சிறுமியர் ஆண்டு முழுவதும் பயிற்சி செய்து, அரை மணி நேரத்தில் தோற்று, அடுத்த ஆண்டு வரை காத்திருக்கிறார்கள். நான்கு இல்லங்களுக்கும் இருசுற்று லீக் வைத்தால் மொத்தம் 12 ஆட்டங்கள். ஓர் இல்லத்துக்கு 6. வாரம் ஓர் ஆட்டம் என்றாலும் பன்னிரண்டு வாரங்களில் முடிந்துவிடும். தேர்வு நெருங்கும்போது விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ கடன் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். புள்ளிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் கணக்குப் பாடமும் அங்கேயே நடக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. எட்டு அணிகள் கொண்ட இருசுற்று லீக்கில் ஓர் அணிக்கு எத்தனை ஆட்டங்கள்? மொத்தம் எத்தனை?

2. வெற்றிக்கு 2 புள்ளி என்ற பழைய முறையில் சென்னை சிட்டி, ஈஸ்ட் பெங்கால் ஆகியவற்றின் புள்ளிகளைக் கணக்கிடுக. சாம்பியன் மாறுமா?

3. சென்னை சிட்டியின் நான்கு சமநிலை ஆட்டங்களில் ஒன்று தோல்வியாக முடிந்திருந்தால் பட்டியலின் முதலிரு இடங்கள் எப்படி இருந்திருக்கும்?

4. உன் வகுப்பில் இவ்வாண்டு விளையாட்டுப் பாடவேளைகள் எத்தனை நடந்தன, எத்தனை வேறு பாடத்துக்குப் போயின என்று எண்ணி எழுதுக. அதை உன் பெற்றோரிடம் காட்டுக.